கண்ணுக்குள் வளையம் வைத்தாச்சு… அடுத்த ஆறு மாதம் என்ன செய்யணும்?

ஒரே வருஷத்தில் இரண்டு, மூன்று தடவை கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா? புதுக் கண்ணாடி போட்ட பிறகும் பஸ்ஸின் தட எண் நிழலடித்த மாதிரி இரட்டையாகத் தெரிகிறதா? இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறி, கோடு கோடாக நீள்கிறதா? இப்படிப் போய்ப் பரிசோதனை செய்தவர்களில் சிலருக்கு ‘கெரட்டோகோனஸ்’ என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். தமிழில் கூம்புக் கருவிழி. அவர்களிலும் சிலருக்கு, கருவிழிக்குள் மெல்லிய வளையம் வைக்கும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும்.

இந்த ஆபரேஷன் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கும் போய்விடலாம். ஆனால் கண் தேறி, பார்வை ஒரு நிலைக்கு வர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் வீட்டில் என்ன செய்கிறோம், என்ன செய்யாமல் இருக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ வருவதால், பாதிக்கப்படுவது படிக்கிற பிள்ளைகளும் வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞர்களும்தான். எனவே நோயாளி மட்டுமல்லாமல் வீட்டில் உள்ளவர்களும் இதைப் படித்து வைப்பது நல்லது.

கண்ணில் என்ன கோளாறு?

கண்ணின் முன்பக்கம், கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி, ஒளி ஊடுருவும் ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா எனப்படும் கருவிழி. நமக்குக் கருப்பாகவோ பழுப்பாகவோ தெரிவது அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ். கருவிழிக்கு நிறமே கிடையாது. நடுப்பகுதியில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

பந்தின் மேற்பரப்பு போல ஒரே சீராக வளைந்திருக்க வேண்டிய இந்தப் படலம் மெலிந்து, பலம் குறைந்து, கூம்பு போல முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வருவதுதான் கூம்புக் கருவிழி. வளைவு கோணலாகிவிட்டால் உள்ளே போகும் ஒளி ஒரே இடத்தில் குவியாது. அதனால்தான் எழுத்துக்கு நிழல் விழுகிறது, நேர்க்கோடு நெளிகிறது. சாதாரணக் கண்ணாடியால் இந்தக் கோணலை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பரம்பரை, ஒவ்வாமை, அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம் ஆகியவை இந்த நோயோடு தொடர்புடையவை. இதில் நம் கையில் இருப்பது கடைசியாகச் சொன்னதுதான். அதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம்.

வளையம் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

எம்பிராய்டரி போடும்போது துணியை வளையத்தில் மாட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் இறுக்கம் வந்ததும் நடுவில் இருந்த தொய்வு போய், துணி சமமாகிவிடும். கருவிழியில் வைக்கும் வளையமும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. பெயர் வளையம் என்றாலும் அது முழு வட்டம் அல்ல. பிறை வடிவத் துண்டு. ஒன்றோ இரண்டோ வைப்பார்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். லேசர் அல்லது தனிக் கருவி மூலம் கருவிழியின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சுரங்கம் மாதிரி பாதை போட்டு, அதற்குள் துண்டைச் செருகுவார்கள். கருவிழியின் மையத்தை இந்தச் சிகிச்சை தொடுவதில்லை.

இந்த வளையங்கள் பெரும்பாலும் பி.எம்.எம்.ஏ. என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ்களும் பல ஆண்டுகளாக இதே பொருளில்தான் செய்யப்பட்டன. அமெரிக்காவில் ‘இன்டாக்ஸ்’ என்ற வளையத்துக்கு முதலில் 1999-ல் கிட்டப்பார்வைக்காகவும், பிறகு 2004-ல் கூம்புக் கருவிழிக்காகவும் அனுமதி கிடைத்தது. உலோகம் இல்லாததால் விமான நிலையச் சோதனை வாசலில் ‘பீப்’ அடிக்குமோ என்ற பயம் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். வளையம் கருவிழியின் வடிவத்தைச் சீராக்கும். ஆனால் நோய் மேலும் வளராமல் தடுக்கும் பிரேக் அது அல்ல. அந்த வேலைக்கு இருப்பது ‘கிராஸ் லிங்க்கிங்’ என்ற வேறு சிகிச்சை. பல மருத்துவமனைகளில் இதை ‘சி3ஆர்’ என்று சொல்வார்கள். ரிபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, கருவிழியின் இழைகளை இறுக்கமாக்குவார்கள். சிலருக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்வார்கள். சிலருக்கு இடைவெளி விட்டுச் செய்வார்கள். உங்களுக்கு எது செய்யப்பட்டது என்று கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “வளையம் வச்சாச்சு, இனி கவலையில்லை” என்று நினைத்து அடுத்த பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆபரேஷன் நாள்

பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே கண்ணை மரத்துப்போகச் செய்துவிடுவார்கள். மயக்க ஊசி அரிதாகத்தான் தேவைப்படும். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவர் வர வேண்டும். திரும்பும்போது கண் கூசும், நீர் வடியும், ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி இருக்கும். டூவீலர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, சொட்டு மருந்து அட்டவணை. எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நாள் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, டிஸ்சார்ஜ் சம்மரி. வைத்த வளையத்தின் பெயர், தடிமன், எந்தக் கண், எந்தத் தேதி என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்த்தாலும் இந்தத் தாள் உதவும்.

மூன்றாவது, இரவு நேரத்தில் ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டிய எண்.

நான்காவது, மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது. முதல் பரிசோதனை பெரும்பாலும் அடுத்த நாளே இருக்கும்.

முதல் வாரம்: எது சகஜம்?

கண்ணுக்குள் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சம் பட்டால் கூச்சம், லேசான சிவப்பு, மங்கல். முதல் சில நாட்களுக்கு இவையெல்லாம் சகஜம். சிலருக்கு, காயம் ஆறும்வரை பாதுகாப்புக்காக மென்மையான கான்டாக்ட் லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்து அனுப்புவார்கள். அதை நீங்களாக எடுக்கக் கூடாது. தானாக விழுந்துவிட்டால் கழுவித் திரும்ப வைக்கவும் கூடாது, மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சிலருக்கு ஒரு தையல் போட்டிருக்கலாம். அதை எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

வளையத்தோடு கிராஸ் லிங்க்கிங்கும் செய்திருந்தால் முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு வலி சற்று அதிகமாகவே இருக்கும். கருவிழியின் மேல் தோலை நீக்கிவிட்டு அந்தச் சிகிச்சையைச் செய்வதே காரணம். அந்தத் தோல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். கொடுத்த வலி மாத்திரையைத் தயங்காமல் போடுங்கள். ஆனால் கண் மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி விட்டுக்கொள்ளவே கூடாது. வலி தெரியாது, காயமும் ஆறாது.

தூங்கும்போது மருத்துவர் சொன்ன நாள்வரை கண்மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும், நமக்கே தெரியாது. குப்புறப் படுப்பதையும், ஆபரேஷன் ஆன பக்கம் ஒருக்களித்துப் படுப்பதையும் தவிருங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கொஞ்ச நாளைக்கு அதைப் பக்கத்தில் போட்டுத் தூங்க வேண்டாம். குழந்தையின் விரல் கண்ணில் படுவதற்கு ஒரு விநாடி போதும்.

சொட்டு மருந்து விடுவது எப்படி?

கேட்க சின்ன விஷயம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் கையில் இருக்கும் பெரிய பொறுப்பு இதுதான். பொதுவாக, கிருமித் தொற்று வராமல் இருக்க ஒரு ஆன்டிபயாட்டிக், வீக்கம் குறைய ஒரு ஸ்டீராய்டு, ஈரப்பதத்துக்கு ஒரு செயற்கைக் கண்ணீர் என்று இரண்டு, மூன்று பாட்டில்கள் இருக்கும்.

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்து, அந்தக் குழிவில் ஒரு சொட்டு விடுங்கள். பாட்டிலின் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. பிறகு கண்ணை இறுக்காமல் மெல்ல மூடிக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும்; உடனே விட்டால் முதல் மருந்தை இரண்டாவது அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு பலன் கிடையாது. வழிந்து கன்னத்துக்குத்தான் போகும்.

இங்கே உங்கள் போன் உண்மையிலேயே உதவும். ஒவ்வொரு மருந்துக்கும் தனி அலாரம் வையுங்கள். அலாரத்தின் பெயராக மருந்தின் பெயரையோ மூடியின் நிறத்தையோ எழுதுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்து ஒரு மாதத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது.

ஸ்டீராய்டு மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கண் நன்றாக இருக்கிறதே என்று திடீரென நிறுத்தவும் கூடாது. கண் சிவந்தால் நல்லதுதானே என்று பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கவும் கூடாது. மருத்துவர் சொன்னபடி, படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து இது. கணக்கில்லாமல் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். அது வலியில்லாமல் ஏறும். பார்வை நரம்பைப் பாதித்தால் போன பார்வை திரும்ப வராது. மறுபரிசோதனையில் கண் அழுத்தத்தையும் பார்ப்பது இதனால்தான்.

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

“தலைக்குக் குளிக்கலாமா?”
உடம்புக்கு மட்டும் குளிக்கலாம். கண்ணுக்குள் குழாய்த் தண்ணீர் போகக் கூடாது. முதல் ஒன்று, இரண்டு வாரங்களுக்கு முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும் என்றால், சலூனில் செய்வது மாதிரி தலையைப் பின்னால் சாய்த்து, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். எண்ணெய்க் குளியல், ஷாம்பு, ஆறு, குளம், கடல், நீச்சல் குளம் எல்லாம் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

“பத்தியம் உண்டா? புளி, கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா?”
பிடிக்காது. சீழுக்குக் காரணம் கிருமி, கத்தரிக்காய் அல்ல. வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்திருங்கள்.

“பாட்டி விளக்கெண்ணெய் விடச் சொல்றாங்க…”
பாட்டி அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் இப்போது கண்ணில் ஆறாத ஒரு வெட்டு இருக்கிறது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், பன்னீர், பூச்சாறு எதையும் விட வேண்டாம். கிருமி நீக்கம் செய்யப்படாத எந்தத் திரவமும் கருவிழியில் புண்ணை உண்டாக்கலாம்.

“சமைக்கலாமா? கோயிலுக்குப் போகலாமா?”
தாளிக்கும்போது தெறிக்கும் கடுகும், வற்றல் வறுக்கும் நெடியும் முதல் வாரத்துக்கு வேண்டாம். மிளகாய் நறுக்கிய கையோடு கண் பக்கம் போவது எப்போதுமே வேண்டாம். கோயிலுக்குப் போகலாம், கூட்டத்தைத் தவிருங்கள். விபூதி பூசும்போது தூள் கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்மை, ஐ லைனர், மஸ்காராவை ஒரு மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

“போன் பார்க்கலாமா?”
பார்த்தால் வளையம் நகர்ந்துவிடாது. ஆனால் திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும். கண் வறளும், உறுத்தும். உடனே கசக்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். எழுத்தைப் பெரிதாக்குங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பாருங்கள். முதல் சில நாட்களில் செய்தியைப் படிப்பதற்குப் பதில் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்வதற்குப் பதில் குரல் பதிவு அனுப்பலாம்.

“வேலைக்கு எப்போது? வண்டி எப்போது?”
மேசை வேலை என்றால் பலர் சில நாட்களிலிருந்து ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடுவார்கள். கட்டட வேலை, மில், பட்டறை, வயல் என்று தூசியும் புகையும் உள்ள இடம் என்றால் கூடுதல் நாள் தேவைப்படும். உங்கள் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ற மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவது பார்வையைப் பொறுத்தது. பரிசோதித்து அனுமதி கிடைத்த பிறகுதான். பிறகும் டூவீலரில் முகத்தை மூடும் ஹெல்மெட், பகலில் கண்ணாடி இரண்டும் இருக்கட்டும். கிரிக்கெட், கபடி, பளு தூக்குதல் போன்றவற்றை எப்போது தொடங்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

“பணம் கட்டி ஆபரேஷன் செஞ்சும் தெளிவாத் தெரியலையே!”

இரண்டாவது வாரத்தில் பல வீடுகளில் இந்தப் புலம்பல் கேட்கும். காலையில் நன்றாகத் தெரிந்தது மாலையில் மங்கும். நேற்று படித்த எழுத்தை இன்று படிக்க முடியாது. ஆபரேஷன் தோல்வி அடைந்துவிட்டதோ என்று மனசு உடைந்துபோகும்.

காரணம் எளிது. வளையம் உள்ளே போனதும் கருவிழி புது வடிவத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. சுரங்கத்தைச் சுற்றி இருக்கும் வீக்கம் வடிய வேண்டும். பொதுவாகப் பார்வை ஓரளவு நிலைப்பதற்கு மூன்று மாதம் ஆகலாம். சிலருக்கு ஆறு மாதம்வரை ஏற்ற இறக்கம் இருக்கும். கிராஸ் லிங்க்கிங்கும் செய்தவர்களுக்கு முதல் மாதங்களில் பார்வை மங்கி, பிறகு தெளிவது வழக்கம். அதனால்தான் புதுக் கண்ணாடியை மருத்துவர் உடனே எழுதித் தருவதில்லை. அவசரப்பட்டு வெளியே பவர் பார்த்துக் கண்ணாடி வாங்கினால், அடுத்த மாதமே அது பொருந்தாமல் போகலாம்.

இன்னொரு உண்மையையும் ஆபரேஷனுக்கு முன்பே ஏற்றுக்கொள்வது நல்லது. வளையம் வைத்த பிறகும் பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தேவைப்படும். கோணலாக இருந்த கருவிழி சீரானால், முன்பு பயன்படாத கண்ணாடி இப்போது பயன்படும். கண்ணில் நிற்காமல் நழுவிய லென்ஸ் இப்போது பொருந்தும். பலருக்குக் கிடைக்கும் பலன் இதுதான். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, ஒளி சிதறுவது போன்ற தொந்தரவுகள் சிலருக்கு இருக்கும். இருட்டில் பாப்பா விரியும்போது வளையத்தின் ஓரம் ஒளியில் குறுக்கிடுவதால் வருவது இது. நாளடைவில் பலருக்குப் பழகிவிடும்.

ஒருவேளை பலன் போதாவிட்டாலோ தொந்தரவு அதிகமானாலோ, வளையத்தை எடுத்துவிடவோ வேறு அளவில் மாற்றவோ முடியும். அதற்கும் மீறி நோய் முற்றியவர்களுக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை என்ற வழியும் இருக்கிறது.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப அதிகமாவது.
சிவப்பு நாளுக்கு நாள் கூடுவது.
தெரிந்த பார்வை திடீரென மங்குவது.
கண்ணிலிருந்து பீளையோ சீழோ வருவது.
கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது.
மாதங்கள் கழித்து, முள் குத்துவது போல ஒரே இடத்தில் உறுத்துவது.

கடைசியாகச் சொன்னது முக்கியம். வளையம் இடம் நகர்ந்தாலோ, அதன் மேலிருக்கும் திசு மெலிந்து வளையம் வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கினாலோ இப்படி இருக்கலாம். இது அரிதுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் கிருமி உள்ளே புக வழியாகிவிடும். “அடுத்த வாரம் எப்படியும் செக்கப் இருக்கே, அப்போ சொல்லிக்கலாம்” என்று காத்திருக்காதீர்கள். கருவிழியில் தொற்று ஏற்பட்டால் நாள் கணக்கு அல்ல, மணிக் கணக்குதான். ஆறினாலும் தழும்பு நின்றுவிட்டால் பார்வையை அது மறைக்கும்.

இங்கேயும் போன் உதவும். தினமும் காலை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் கண்ணைப் படம் எடுத்து வையுங்கள். சிவப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் படத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மேலே சொன்ன அறிகுறி இருந்தால் மருத்துவர் நுண்ணோக்கிக் கருவியில் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு பழக்கம்: கண்ணைக் கசக்காதீங்க

ஏற்கெனவே மெலிந்த படலம் அது. விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேல் அழுத்தம் விழுகிறது. ஆபரேஷன் ஆன புதிதில் கசக்கினால் வளையம் நகரலாம், காயம் திறக்கலாம். பல வருஷம் கழித்துக் கசக்கினாலும் நோய் திரும்ப வளரக் காரணமாகலாம். எனவே இது ஆறு மாதத்துக்கான பத்தியம் அல்ல. வாழ்நாள் முழுக்க.

“அரிச்சா என்ன பண்றது?” நியாயமான கேள்வி. அரிப்புக்குக் காரணமான ஒவ்வாமைக்கு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டால் பல நேரம் அரிப்பு அடங்கிவிடும். தூசி, பூனை முடி, பழைய தலையணை என்று எதனால் அரிக்கிறது என்று கவனியுங்கள். தூங்கி எழுந்தவுடன் கண்ணைத் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கை போகும்போதெல்லாம் “கையை எடு” என்று சொல்ல ஆள் வேண்டும்.

செலவு, காப்பீடு, ஆவணங்கள்

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவுகள் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் முதலில் அங்கே காட்டுங்கள். கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாகக் காட்டும் ‘டோபோகிராபி’ பரிசோதனை தேவைப்பட்டால், அது எங்கே கிடைக்கும் என்று சொல்லிப் பரிந்துரைப்பார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் வருகிறதா, எந்த மருத்துவமனையில் வருகிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்திலோ, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்கலாம். வளையம், கிராஸ் லிங்க்கிங், கருவிழி மாற்று ஆகிய மூன்றும் வேறு வேறு சிகிச்சைகள். ஒன்றுக்குக் கிடைக்கும் பதில் மற்றதற்குப் பொருந்தாது. பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

டோபோகிராபி வரைபடம், டிஸ்சார்ஜ் சம்மரி, கண்ணாடிச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாகப் படம் எடுத்து போனில் ஒரே போல்டரில் வையுங்கள். ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க மருத்துவக் கணக்கு எண் இருந்தால், மருத்துவ ஆவணங்களை அதனோடு இணைத்தும் வைத்துக்கொள்ளலாம். கூம்புக் கருவிழியைப் பொறுத்தவரை ஒரே ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு அதிகம் சொல்ல முடியாது. போன வருஷ வரைபடத்தையும் இந்த வருஷ வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று தெரியும். எனவே பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

சென்னையில் பிறந்த ஒரு முறை

பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதிலாக, தானமாகப் பெற்ற கருவிழித் திசுவிலிருந்தே பிறைத் துண்டு வெட்டி வைக்கும் முறையும் இப்போது இருக்கிறது. ‘கெய்ர்ஸ்’ என்று அழைக்கப்படும் இதை உருவாக்கியவர் சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர் சூசன் ஜேக்கப். 2018-ல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. இன்று பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். தேறும் காலத்துக்கான அடிப்படைக் கவனிப்பு இதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தத் திசு கிடைப்பது யாரோ ஒருவர் கண் தானம் செய்ததால். இறந்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் தானம் செய்யலாம். கண் வங்கிக் குழு வரும்வரை இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்திவிட்டால் போதும். வீட்டில் இதைப் பற்றி இப்போதே பேசி வையுங்கள்.

இன்னொரு கண்ணையும் தம்பி, தங்கையையும் மறந்துவிடாதீங்க

இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்களிலும் வரும். ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆபரேஷன் ஆன கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நன்றாகத் தெரிகிற கண்ணில் நோய் சத்தமில்லாமல் வளர்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் இரண்டு கண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளி என்று தேதிகளை இப்போதே போன் காலண்டரில் குறித்துவிடுங்கள். பெண்கள் கர்ப்பம் தரித்தால் கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் சிலருக்கு நோய் வேகமெடுக்கும். கண்ணாடியைத் தூக்கிப் போட லேசிக் செய்துகொள்ளலாமா என்று கேட்காதீர்கள்; கருவிழியை மேலும் மெலிதாக்கும் அந்தச் சிகிச்சை இவர்களுக்கு ஆகாது.

உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. சின்ன வயதில் வந்தால் இந்த நோய் வேகமாக வளரும். ஆனால் அந்த வயதிலேயே கண்டுபிடித்தால் கிராஸ் லிங்க்கிங்கோடு நிறுத்தி, வளையம் வைக்கும் நிலையே வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு. எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை, கரும்பலகையைத் தலை சாய்த்துப் பார்க்கும் பிள்ளை, வருஷத்துக்கு இரண்டு கண்ணாடி மாற்றும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இந்தக் கட்டுரை பொதுவான புரிதலுக்காக. உங்கள் கண்ணைப் பரிசோதித்த மருத்துவர் இதிலிருந்து மாறுபட்டு ஏதாவது சொல்லியிருந்தால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.